பெரிய வெள்ளியன்று தயிர்சாதம்

எபினேசரின் வயிற்றில் ஒரு கழுதை குடியிருந்தது. தொப்புளுக்கு இடது பக்கம் நாலு விரல் தள்ளி, ரோஜா நிறத்தில், பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு அதன் வாய். பெருங்குடலின் கடைசியில் புற்று வந்து, டாக்டர்கள் அந்த வால்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சக் குடலின் நுனியை வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே இழுத்துத் தைத்துவிட்டார்கள். பின்வாசலை நிரந்தரமாக மூடியாயிற்று. இனிமேல் போக்குவரத்து எல்லாம் முன்வாசல் வழியாகத்தான். அதன்மேல் சதா ஒரு பை ஒட்டியிருக்கும். டாக்டர்கள் அந்த வாயை ஸ்டோமா என்றார்கள். எபினேசர் கழுதை என்றார்.

காரணம் இல்லாமல் இல்லை. வேதத்தில், அதாவது பைபிளில், ஒரு கழுதை திடீரென்று வாயைத் திறந்து எஜமானிடம் பேசும். இதுவும் அந்த ஜாதிதான். மனிதனின் பின்வாசலுக்குக் கடவுள் ஒரு காவல்காரனை வைத்திருக்கிறார். இப்போது விடலாமா, ஆள் போன பிறகு விடலாமா என்று அவன் பார்த்துச் செய்வான். முன்வாசலுக்கு அந்த வசதி கிடையாது. காற்று வந்தால் வந்ததுதான், எதிரே மந்திரி நின்றாலும் சரி, மாமியார் நின்றாலும் சரி. ஆப்பரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அது முதன்முதலாகப் பேசியபோது வார்டிலிருந்த மலையாள நர்ஸ் ஓடிவந்து, "அங்கிள், கங்க்ராஜுலேஷன்ஸ்" என்று கை தட்டினாள். ஐம்பத்தெட்டு வருஷமாக அவர் விட்ட காற்றுக்கு அதற்குமுன் யாரும் கை தட்டியதில்லை.

அதற்குப் பிறகு பதினாலு மாதம் ஓடிவிட்டது. கீமோ எல்லாம் முடிந்து, ஆள் பழையபடி டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து அமைச்சக ஆபீஸுக்கு மெட்ரோவில் போய்வர ஆரம்பித்துவிட்டார். முதல் வாரம் செக்யூரிட்டியில் ஒரு ஜவான் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "யே க்யா ஹை?" என்றான்.

"பையா, லெட்ரின் ஹை."

ஜவானின் கை அப்படியே நின்றது. "பரா ஹை?" நிறைந்திருக்கிறதா என்று கேட்டான்.

"ஆதா." பாதிதான் என்றார் எபினேசர்.

அன்றிலிருந்து எபினேசரைத் தூரத்தில் பார்த்ததுமே, "ஜாயியே அங்கிள், ஜல்தி ஜாயியே" என்று வழிவிடுவான். அமைச்சரவைச் செயலாளருக்குக்கூட அந்த மரியாதை கிடைக்குமா என்பது சந்தேகம்.

சாப்பாட்டில்தான் கொஞ்சம் கஷ்டம். முள்ளங்கி கூடாது, முட்டைக்கோஸ் கூடாது, ராஜ்மா கூடவே கூடாது. டெல்லிக் குளிர்காலத்தில் இந்த மூன்றையும் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது பனிமூட்டம் மட்டுமே. போகிற இடத்தில் பை கசிந்துவிட்டால் மாற்றுவதற்காக ஒரு புதுப் பை, சின்னக் கத்தரிக்கோல், ஈரக் காகிதம் நாலு, எல்லாவற்றையும் கூடவே வைத்திருக்க வேண்டும். அவற்றை எங்கே வைத்தார் என்றால், ஜிப் வைத்த வேதாகம உறைக்குள். சாந்தகுமாரி அதைக் கண்டுபிடித்த அன்று வீடு இரண்டுபட்டது.

"வேதப் புஸ்தகத்துக்குள்ளயா அதைக் கொண்டு வைக்கீங்க?"

"காலிப் பைதானட்டி. உன் கைப்பையைவிடச் சுத்தம்."

சாந்தகுமாரி அவர் மனைவி. சரோஜினி நகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் இரண்டு மாதமும் அவள்தான் பையைக் கழற்றி, கழுவி, துடைத்து, புதுசு ஒட்டினாள். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. எபினேசர் அதைச் சாகும்வரை மறக்க மாட்டார். அவளும் மறக்க விடமாட்டாள். ஆனால் வீட்டுக்குள் எதற்கும் அசராத அந்தப் பொம்பளை, வெளியே நாலு பேர் முன்னால் கழுதை வாயைத் திறந்துவிட்டால் போதும், செத்தேன் என்று தலையைத் தொங்கப் போட்டுவிடுவாள்.

இனி விஷயத்துக்கு வருவோம். தமிழ்ச் சபைகளில் பெரிய வெள்ளி ஆராதனை பகல் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடியும். ஆண்டவர் சிலுவையில் தொங்கிக்கொண்டு ஏழு வார்த்தை சொன்னார். அந்த ஏழையும் சபையார் ஏழு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். ஆளுக்குப் பத்து நிமிஷப் பேச்சு, ஒரு பாட்டு, அப்புறம் ஐந்து நிமிஷம் மௌன ஜெபம். கேட்கப் பக்தியாகத்தான் இருக்கிறது. யாருக்கு எந்த வார்த்தை என்பதில் நடக்கும் அடிபிடியைப் பார்த்தால் ஆண்டவர் எட்டாவதாக ஒன்று சொல்லியிருப்பார். முதல் வார்த்தை ஐயருக்கு என்று எழுதப்படாத சட்டம். போதகரை இவர்கள் ஊர்ப்பக்கம் ஐயர் என்றுதான் சொல்வார்கள். பக்கத்துச் சிலுவைக் கள்ளனுக்கு மோட்சம் கொடுத்த இரண்டாவது வார்த்தைக்குப் போட்டி அதிகம், ஏனென்றால் அதில் கதை இருக்கிறது. ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்கிற நாலாவது யாருக்கும் வேண்டாம், விளக்கி மாளாது. ஐந்தாவது வார்த்தை, ‘தாகமாயிருக்கிறேன்.’ அது பதினோரு வருஷமாக எபினேசருடையது.

அந்தப் பத்து நிமிஷத்தின் அருமை அவர் பிழைப்பைப் பார்த்தால்தான் தெரியும். ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷமாக அவர் எழுதிய குறிப்பை மேலே இருப்பவர் திருத்துவார், திருத்தியதை அதற்கும் மேலே இருப்பவர் அடிப்பார். வீட்டில் பேசுவது சாந்தகுமாரி. அவள் மூச்சு வாங்கும் இடைவெளியில் பேசுவது மகள் ரெபேக்கா. ஆக, வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாளில் பத்தே பத்து நிமிஷம், இருநூறு பேர் எபினேசர் என்ன சொல்கிறார் என்று வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். சம்பள உயர்வைக்கூட விட்டுக்கொடுத்துவிடுவார், அதை விடமாட்டார். கீமோ ஊசி ஏறும்போதுகூட, அடுத்த பெரிய வெள்ளிக்கு எழுந்து நிற்க வேண்டும் என்று மட்டும்தான் ஜெபித்தார். போன வருஷம் அவர் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்துகொண்டிருந்ததால் ஐந்தாம் வார்த்தையை ஜெயபால் பேசினார். ஜெயபால் ஓய்வுபெற்ற பாங்க் மேனேஜர், எபினேசரைவிட ஏழெட்டு வயது மூத்தவர், வழக்கமாக ஏழாவது வார்த்தைக்காரர். ஒரு தடவை ருசி பார்த்தவர் திருப்பிக் கொடுக்கிற வழியாக இல்லை.

ஜனவரியில் முனிர்காவில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். சின்ன அறை, பாயில் இருபது பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மௌன ஜெபம். அதுதான் சமயம் என்று கழுதை பேசியது. சின்னதாக ஆரம்பித்து, நடுவில் கொஞ்சம் யோசித்து, நீட்டி முடித்தது. சாந்தகுமாரி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். அதோடு விட்டிருந்தால் போய்த் தொலைகிறது என்று இருந்திருக்கலாம். ஜெயபால் தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, எங்கள் அருமைச் சகோதரனுடைய குடலைத் தொடும். சிறுகுடலைத் தொடும். பெருங்குடலில் மிச்சமிருக்கிற பாகத்தைத் தொடும். அவர் தரித்திருக்கிற அந்தப் பையைக் கண்ணோக்கிப் பாரும்."

பையைக் கண்ணோக்கிப் பார்ப்பதற்கா ஆண்டவர் வானத்தில் உட்கார்ந்திருக்கிறார்? இருபது பேரும் ஆமென் சொன்னார்கள். அதுவரை பாதிப்பேருக்கு அவருக்குப் பை இருப்பதே தெரியாது. சாந்தகுமாரி வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை. வந்ததும், "நாளைக்கு எல்லா வீட்டு அடுப்படியிலயும் உங்க குடல்தான் வேகும்" என்று அழுதாள்.

அடுத்த வாரமே தானியேல் ஐயர் வந்தார். வயது முப்பத்தைந்து, நல்ல பிள்ளை, யாரையும் நோகடிக்கத் தெரியாது. தெரியாததால் எல்லாரையும் சுற்றி வளைத்து நோகடிப்பார். டீயைக் குடித்து, காரச்சீவலைத் தின்று, டெல்லியின் காற்று மாசைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிவிட்டு மெல்ல ஆரம்பித்தார்.

"அண்ணன், இந்த வருஷமும் அஞ்சாவது வார்த்தையை ஜெயபால் அண்ணன் பாத்துக்கிடட்டுமே. நீங்க ரெஸ்ட் எடுங்க."

"ரெஸ்ட் ஒரு வருஷம் எடுத்தாச்சு ஐயா. குரல் நல்லாத்தான் இருக்கு."

"குரலைப் பத்தி இல்ல அண்ணன்." ஐயர் எபினேசரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசினார். "மௌன ஜெபம் முப்பத்தஞ்சு நிமிஷம் வருது. அந்த அமைதியில ஏதாச்சும் சத்தம் வந்தா, பிள்ளைங்க சிரிச்சிடும். பெரிய வெள்ளி இல்லையா."

"வராது."

"வந்தா?"

எபினேசர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான். "வந்தா அந்த நிமிஷமே ஜெயபால் அண்ணாச்சி எந்திரிச்சுப் பேசட்டும். அதுக்கப்புறம் அஞ்சாவது வார்த்தை அவருக்கே. நான் கேக்க மாட்டேன்."

ஐயர் நிம்மதியாகக் கிளம்பிப் போனார். சாந்தகுமாரி அடுப்படியிலிருந்து வந்து கணவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு வயித்துலதான் ஓட்டை போட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

பெரிய வெள்ளிக்கு முந்தின தவக்காலமான லெந்து பிறந்தது. நாற்பது நாள் அவகாசம். மூன்று மணி நேரம் கழுதையை வாய்மூட வைப்பது எப்படி? எபினேசர் யோசித்தார். உள்ளே ஒன்றும் போடாவிட்டால் வெளியே ஒன்றும் வராது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எப்படியும் பெரிய வெள்ளியன்று அந்த வீட்டில் மூன்று மணிவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. உபவாசமும் ஆயிற்று, கழுதைக்குக் கடிவாளமும் ஆயிற்று. ஆண்டவருடைய ஏற்பாடே ஏற்பாடு என்று புல்லரித்துப்போனார்.

ஒத்திகை பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டார். காலையிலிருந்து பட்டினி. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஹாலில் நாற்காலி போட்டு, வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். குர்காவ் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த ரெபேக்கா, எதிரே லேப்டாப்போடு உட்கார்ந்து கணக்கு வைத்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழ் பாதி வழியில் இறங்கி இந்தியில் ஏறும். மூன்று மணிக்கு போனைத் தூக்கிக் காட்டினாள்.

"பத்தொம்பது. ரெகார்ட் ஹை அப்பா. ஒண்ணு வந்தப்போ என் மீட்டிங்ல எல்லாரும் பெயின்டர் வந்திருக்காரா, சாமான் இழுக்கிறாங்களான்னு கேட்டாங்க."

எபினேசருக்கு முகம் சுண்டிவிட்டது. தின்னாத நாளில் பத்தொன்பது, தின்ற நாளில் ஐந்தாறுதான். இது என்ன நியாயம்? திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய், பை வைத்தவர்களைப் பார்க்கும் நர்ஸ் மேகலாவிடம் கேட்டார். மேகலாவுக்கு மதுரைப் பக்கம். நோயாளிகளைத் திட்டாமல் அவளுக்குப் பேச வராது.

"எந்தப் புண்ணியவான் சார் உங்களைப் பட்டினி கிடக்கச் சொன்னது? வெறுங்குடல்ல காத்துதான் சுத்தும். வெளிய போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி தயிர்சாதம் ஒரு கிண்ணம், ஒரு வாழைப்பழம். மென்னு சாப்பிடுங்க, அள்ளிப் போடாதீங்க. அப்புறம் பாருங்க, பச்சப்பிள்ளை மாதிரி தூங்கும்."

அடுத்த வெள்ளி தயிர்சாதத்தோடு ஒத்திகை. மூன்று மணி நேரத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் பக்கத்தில் காதை வைத்தால் கேட்கிற மாதிரி. அதற்கடுத்த வெள்ளி அதுவும் இல்லை. அப்பாவும் மகளும் கையைத் தட்டிக்கொண்டார்கள். இனி ஒரே ஒரு தடைதான் பாக்கி, அது அடுப்படியில் நின்றுகொண்டிருந்தது.

பெரிய வெள்ளிக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் எபினேசர் விஷயத்தைச் சொன்னபோது சாந்தகுமாரி தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் பேச்சு நீளும் என்று அர்த்தம்.

"பெரிய வெள்ளியன்னைக்கு சாப்பிடப் போறீங்களா?"

"மருந்து மாதிரி நெனச்சுக்கோ."

"தயிர்சாதம் என்னைக்கு மருந்தாச்சு? கல்யாணம் ஆகி இருபத்தொம்பது வருஷம், இந்த வீட்டுல அன்னைக்கு எச்சி முழுங்கினதுகூடக் கிடையாது. ரெபேக்கா வயித்துல இருக்கும்போதுகூட நான் மூணு மணி வரைக்கும் இருந்தேன்."

"எனக்கு உடம்புல ஓட்டை இருக்குல்லா சாந்தா."

"அங்க ஆண்டவருக்கு அஞ்சு ஓட்டை. அவருக்குப் புளிச்ச காடியைக் குடுத்தாங்க. நீங்க வயிறு முட்ட தயிர்சாதமும் வாழைப்பழமும் தின்னுட்டுப் போயி, சபை முழுக்கப் பட்டினியா உக்காந்திருக்கும்போது, தாகமாயிருக்கிறேன்னு பேசப் போறீங்க. கூச்சமா இல்ல?"

உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வி எபினேசருக்குள்ளேயும் இருந்தது. அவள் தோசைக் கரண்டியால் அதைப் புரட்டிப் போட்டுவிட்டாள், அவ்வளவுதான். "சரி, சாப்பிடல" என்றார். ரெபேக்கா அறையிலிருந்து, "அப்பா, சீரியஸ்லி?" என்று கத்தினாள்.

மறுநாள் சாந்தகுமாரி பத்தரைக்கே கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். ஆராதனை முடிந்ததும் சபையாருக்குக் கஞ்சி ஊற்றுவது பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வேலை. அவள் படியிறங்கியதுதான் தாமதம், ரெபேக்கா ஒரு கிண்ணத்தை அப்பா முன்னால் வைத்தாள். சமையல் என்றால் அவளுக்கு ஆன்லைனில் ஆர்டர் போடுவதுதான். சோற்றைத் தயிரில் போட்டு மத்தால் அடித்திருந்தாள் போல, பசை மாதிரி இருந்தது.

"சாப்பிடுங்க அப்பா. காட் கோ பதா ஹை, உங்க மெடிக்கல் ஹிஸ்டரி அவருக்கு ஃபுல்லா தெரியும்."

எபினேசர் கிண்ணத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சுவரில் தொங்கிய சிலுவையைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டே சாப்பிட்டார். நாலாவது வாய் உள்ளே இருக்கும்போது வாசல் கதவு திறந்தது. கஞ்சிப் பாத்திர அறையின் சாவியை மறந்துவிட்டுப் போன சாந்தகுமாரி, ஆணியிலிருந்து அதை எடுக்க நேராக அடுப்படிக்கே வந்தாள். கணவரின் உப்பிய கன்னத்தைப் பார்த்தாள். உதட்டோரத்து வெள்ளையைப் பார்த்தாள். சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. ஆனாலும் முழுக் கிண்ணத்தையும் மென்று முடித்தார், வாழைப்பழம் உட்பட. இவ்வளவு தூரம் பாவம் செய்தாயிற்று, அரைகுறையாகச் செய்வானேன்?

கோயிலில் கூட்டம் நிறைந்து வழிந்தது. எபினேசர் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார், பக்கத்தில் சாந்தகுமாரி, அவளுக்கு அந்தப் பக்கம் ரெபேக்கா. சாந்தகுமாரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. முன்பெஞ்சில் ஜெயபால், மடித்த தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே போகத் தயாராக நிற்கும் வண்டி மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது.

முதல் வார்த்தை முடிந்தது, மௌன ஜெபம். கழுதை தூக்கம். இரண்டாவது, மூன்றாவது. ஏப்ரல் வெயிலில் மின்விசிறிகள் கரகரத்தன. கழுதையிடம் மூச்சில்லை. நாலாவது வார்த்தையை ஒரு காலேஜ் பையன் பேசி, எல்லாரும் எதிர்பார்த்தபடி குழப்பி, ஒருவழியாக உட்கார்ந்தான். பாட்டு முடிந்தது. மௌன ஜெபம். இந்த ஐந்து நிமிஷம் தாண்டிவிட்டால் அடுத்தது அவர்தான். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு. மூன்று.

அப்போது சத்தம் வந்தது. சாதாரணச் சத்தமில்லை. மேலே எங்கோ ஆரம்பித்து, கீழே உருண்டு, ஒரு மூலையில் முட்டித் திரும்பி, மறுபடி மேலே ஏறி அடங்கியது. பின்பெஞ்சில் சிறுவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஜெபத்தில் மூடியிருந்த கண்கள் அத்தனையும் திறந்து மூன்றாவது பெஞ்சைப் பார்த்தன. ஐயரும் பார்த்தார், அந்த நல்ல பிள்ளையின் முகத்தில் உண்மையான வருத்தம். ஜெயபால் எழுந்து பிரசங்க பீடத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

எபினேசரின் கை பைமேல்தான் இருந்தது. பை ஒட்டினபடி தட்டையாக இருந்தது. கழுதை பேசினால் முதலில் அவர் கைக்குத்தான் தெரியும். அது பேசவில்லை. அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். சாந்தகுமாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

நான் இல்லை என்று சொல்லலாம். என் மனைவியின் வயிறு ஐயா, நேற்று ராத்திரியிலிருந்து பட்டினி என்று சொல்லலாம். சொன்னால் அவருடைய பத்து நிமிஷம் அவருக்கு. சொன்னால் இருநூறு பேர் அவளைப் பார்ப்பார்கள், அவளுக்கு அதைவிடச் சாவு மேல். பன்னிரண்டாம் வருஷம் போய்விட்டது, இனி எந்த வருஷமும் இல்லை. போகட்டும் என்று நினைத்தார். கையால் வயிற்றை எல்லாரும் பார்க்கும்படி ஒரு தட்டுத் தட்டி, தப்பு தன்னுடையதுதான் என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெயபால் பீடத்துப் படியில் கால் வைத்துவிட்டார். பெஞ்சு கிறீச்சிட்டது. சாந்தகுமாரி எழுந்து நின்றாள்.

"ஐயா, அது என் வயிறு."

மௌன ஜெபத்தில் யாரும் பேசி அந்தக் கோயில் கேட்டதில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுவரைக்கும் கேட்கிற குரல் அவளுக்கு. இப்போது அது கொஞ்சம் நடுங்கியது.

"நேத்து ராத்திரியிலருந்து நான் ஒண்ணும் சாப்பிடல, அதான் சத்தம். இவரு காலையில தயிர்சாதம் சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்காரு. இவரு வயிறு சும்மாதான் இருக்கு. அண்ணாச்சி, நீங்க வந்து உக்காருங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஒரே மூச்சில் புருஷனைக் காப்பாற்றவும் செய்தாள், காட்டிக் கொடுக்கவும் செய்தாள். இரண்டையும் பிரித்துச் செய்ய அவளுக்கு வராது. ஜெயபால் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக ஐயரைப் பார்த்தார். ஐயர் மூன்றாவது பெஞ்சைப் பார்த்துத் தலையசைத்தார்.

எபினேசர் பீடத்தில் ஏறி நின்றார். சட்டைப் பையில் எட்டுப் பக்கம் எழுதிவைத்திருந்தார். அதை எடுத்தார், பார்த்தார், எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றால் எப்படிப் பிடிபடும்? மடித்துத் திரும்ப உள்ளே வைத்தார்.

"தாகமாயிருக்கிறேன்" என்றார்.

"பதினோரு வருஷமா இங்க நின்னு, இது தண்ணித் தாகம் இல்ல, ஆத்தும தாகம்னு பேசியிருக்கேன். நீங்களும் தலையாட்டியிருக்கீங்க. ஆண்டவர் போயி தண்ணி கேப்பாரான்னு எனக்கே கூச்சம் போல. அவர் கேட்டது தண்ணிதான். ரத்தம் அவ்வளவு போனா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிடும். எனக்கு ஒட்டிச்சு. ஆப்பரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் தண்ணி தண்ணின்னு கேட்டேன். ஒரு சொட்டு குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. இவ பஞ்சை நனைச்சு என் உதட்டுல வச்சா. விடிய விடிய வச்சா. கடற்காளான்னா கடல்பஞ்சு, அதைக் காடியில தோய்ச்சு அவர் வாய்கிட்ட நீட்டினாங்கன்னு எத்தனையோ வாட்டி வாசிச்சிருக்கேன், அது என்னன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

சாந்தகுமாரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"பெத்த தாய் பாத்துக்கிட்டு நிக்கா, பட்டாளத்துக்காரன் பாத்துக்கிட்டு நிக்கான். அத்தனை பேர் முன்னால அவர் தன் உடம்புக்கு என்ன வேணும்னு வாய்விட்டுச் சொல்லிட்டாரு. மறைக்கல. நாமதான் மறைக்கோம். எனக்கு..."

இவ்வளவு நேரம் பொறுத்த கழுதைக்கு அங்கே பொறுக்கவில்லை. பீடத்து மைக் அதையும் விடாமல் பிடித்துக்கொண்டது. கோயில் முழுக்க, நாலு ஸ்பீக்கரிலும் அது கணீரென்று ஒலித்தது.

எபினேசர் நிறுத்தினார். கீழே குனிந்து பார்த்தார், நிமிர்ந்து சபையைப் பார்த்தார்.

"முன்னால வந்தது அவளோடது. இது என்னோடது" என்றார்.

முதலில் சிரித்தது ஐயர்தான். கையால் வாயைப் பொத்தப் பார்த்தார், முடியவில்லை. பெரிய வெள்ளியன்று அந்தக் கோயிலில் சிரிப்புச் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். எபினேசர் தனக்குக் கிடைத்த பத்து நிமிஷத்தில் நாலு நிமிஷம்தான் பேசியிருந்தார். மிச்சம் ஆறையும் வேண்டாம் என்று இறங்கிவந்துவிட்டார்.

ஆராதனை முடிந்து முற்றத்தில் கஞ்சி வரிசை நின்றது. எபினேசருக்குப் பின்னால் வந்து நின்ற ஜெயபால் அங்குமிங்கும் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்லுதேன், வெளிய விடாதீங்க. எனக்குப் பிராஸ்டேட். பிரஷர் மாத்திரையும் போடுதேன். மாத்திரைக்குத் தண்ணி குடிக்காம முடியுமா? பெரிய வெள்ளியன்னைக்கும் குடிச்சிட்டுத்தான் வாறேன். ஏழாவது வார்த்தை வரைக்கும் என்னால அடக்கிக்கிட்டு உக்கார முடியல. அஞ்சாவதுன்னா பேசிட்டு ஓடிரலாம், அதான் அதைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். உங்க மேல எனக்கு ஒண்ணும் கிடையாது."

எபினேசர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முனிர்காவில் தன் குடலை இன்ச் இன்ச்சாக ஜெபித்த மனிதர்! பதிலுக்கு இவருடைய மூத்திரப் பையை அடுத்த கூட்டத்தில் ஜெபித்துவிடலாமா என்று ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது.

"இப்போ எப்படி அண்ணாச்சி மூணு மணி வரைக்கும் இருந்தீங்க?"

"எங்க இருந்தேன்? உங்க வயிறு கத்தி எல்லாரும் சிரிச்சாங்கல்லா, அந்தக் கலாட்டாவுல போயிட்டு வந்துட்டேன்."

"அடுத்த வருஷம் ரெண்டாவது வார்த்தை கேளுங்க. நான் ஐயாகிட்ட சொல்லுதேன்."

வரிசை நகர்ந்தது. அண்டாவுக்குப் பின்னால் சாந்தகுமாரி கரண்டியோடு நின்றாள். எபினேசர் டம்ளரை நீட்டினார். அவள் அவர் டம்ளரைத் தாண்டி ஜெயபாலின் டம்ளரில் ஊற்றினாள்.

"எனக்கு?"

"நீங்கதான் சாப்பிட்டாச்சே."

"அது பத்தரை மணிக்குச் சாப்பிட்டது சாந்தா."

"சாப்பிட்டவங்களுக்குக் கஞ்சி கிடையாது." பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு அண்டாவைச் சுற்றி வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது. கணவரின் கையிலிருந்த காலி டம்ளரைப் பிடுங்கி நிரப்பச் சொல்லி, நின்ற இடத்திலேயே மடக்மடக்கென்று குடித்தாள். மறுபடி நிரப்பச் சொன்னாள். எபினேசர் தேங்காய்த் துவையல் வைத்திருந்த இலைத்துண்டை அவளுக்கு வாகாக ஏந்திக்கொண்டு நின்றார். மூன்றாவது டம்ளர் பாதி இறங்கியதும் அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள், அப்புறம் மிச்சத்தை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"ரெண்டு மடக்குத்தான்" என்றாள்.